வண்டி கிளம்ப மறுக்கிறதா? இக்னிஷன் ரிலேயின் பழுதைக் கண்டறியும் முறை

நம் வியாபாரம் கடைக் கதவைத் திறக்கும்போது தொடங்குவதில்லை. விடிவதற்கு முன் மொத்தச் சந்தைக்குப் புறப்படும் வண்டியின் சாவியைத் திருப்பும்போதே தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு நொடியில் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய கொள்முதல் தவறும். கொள்முதல் தவறினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். ஒருமுறை போன வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே வண்டியைப் பற்றிய சிறிதளவு அறிவும் நமக்குத் தொழிலறிவுதான். இம்முறை, கைக்கு அடக்கமான ஒரு சிறு பொருளைப் பற்றிப் பார்ப்போம். அதன் பெயர் இக்னிஷன் ரிலே.

எங்கள் கடையில் நடந்தது

ஒரு சித்திரை மாதம் எங்கள் கடையின் பெட்ரோல் வேன் சந்தையிலிருந்து தக்காளிப் பெட்டிகளுடன் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு கடைக்குச் சரக்கு இறக்குவதற்காக வெயிலில் அரை மணி நேரம் நின்றது. பிறகு சாவியைத் திருப்பினால் செல்ப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஓட்டுநர் திரும்பத் திரும்ப முயன்றதில் பேட்டரியும் இறங்கிவிட்டது. போய்ப் பார்த்த மெக்கானிக், பேட்டரி பலவீனம் என்றார். பேட்டரியை மாற்றினோம். வண்டியும் கிளம்பியது.

"இரவு விளக்கை அணைக்காமல் விட்டிருப்பாய்" என்று ஓட்டுநரைக் கடிந்துகொண்டோம். "இல்லை அண்ணாச்சி, நான் அணைச்சுட்டுதான் சாவியைக் கொடுத்தேன்" என்றார் அவர். நாங்கள் நம்பவில்லை. வெயிலில் கனிந்து வீணான தக்காளியின் நட்டத்தில் ஒரு பகுதியை அவர் கூலியிலும் பிடித்தோம்.

நான்கு நாளில் மறுபடியும் அதே கதை. இப்போது பெட்ரோல் பம்ப்பை மாற்றினோம். அடுத்த வாரம் மூன்றாம் முறை. இந்த முறை அழைத்து வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன், எதையும் கழற்றுவதற்கு முன் ஓட்டுநரிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எப்போது நிற்கிறது? செல்ப் பலமாகச் சுற்றுகிறதா? ஆறிய பிறகு தானாகக் கிளம்புகிறதா? ஓட்டுநர் சொன்ன பதில்களைக் கேட்டுவிட்டு, டேஷ்போர்டின் அடியிலிருந்து ஒரு சிறு பெட்டியை உருவி, மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு காலின் ஈயப் பற்று வளையமாக வெடித்திருந்தது. புதிய ரிலே போட்டார். விலை சில நூறு ரூபாய். வேலை கால் மணி நேரம்.

பேட்டரிக்கும் பம்ப்புக்கும் கொடுத்த பணம் வீண். அதைவிடப் பெரிய தவறு, உண்மை சொன்னவரைப் பொய்யர் என்று நினைத்தது. பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியவில்லை. நம் சங்கத்து அன்பர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கல்லாப் பெட்டியும் செல்ப் மோட்டாரும்

நமக்கும் செல்ப் மோட்டாருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதைக் கண்டவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். அதற்கு முன் அவர் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில், நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தார். கடைக்காரர் கையால் சுற்றி இயக்கிய கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர் அவரே. சில நொடிகள் மட்டும் இயங்கினால் போதும் என்றால் சிறிய மோட்டாரிடமும் பெரிய வேலை வாங்கலாம் என்பது அங்கே அவர் கற்ற பாடம். அதே பாடத்தை வைத்து அவர் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் வந்தது. கைப்பிடி போட்டுச் சுற்றி வண்டி கிளப்பிய காலம் அதன் பிறகு மெல்ல மறைந்தது.

ரிலே என்பது என்ன?

இதைக் கிடங்குக் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார். சீட்டைப் பார்த்த கிடங்குக் கணக்கர் கதவைத் திறந்து நூறு மூட்டையை வெளியே விடுகிறார். முதலாளி மூட்டை தூக்க வேண்டியதில்லை. இதில் கிடங்கு என்பது பேட்டரி. சீட்டு என்பது நாம் திருப்பும் சாவி. கிடங்குக் கணக்கர்தான் ரிலே.

சாவி ஸ்விட்சின் உள்ளே இருக்கும் பாயிண்டுகள் சிறியவை. இன்ஜினின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் காயில் எல்லாவற்றுக்கும் வேண்டிய மின்சாரம் முழுவதையும் அவை வழியே விட்டால் கருகிவிடும். அதனால் சாவி வழியாக மிகச் சிறிய மின்சாரம் மட்டும் ரிலேக்குப் போகிறது. ரிலேயின் உள்ளே செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கிறது. 'டிக்' என்ற ஒலியுடன் பாயிண்டுகள் சேர்கின்றன. பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் வந்த மின்சாரம் அவற்றின் வழியே பாய்கிறது.

வழக்கமான 12 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 80 ஓம் மின்தடை உடையது. அதாவது அது எடுத்துக்கொள்வது 0.15 ஆம்பியர்தான். ஆனால் அதன் பாயிண்டுகளோ 30 ஆம்பியர் வரை தாங்கும். சிறு சீட்டு, பெரிய சரக்கு என்பது இதுதான்.

கால்களின் எண்கள்

பெரும்பாலான ரிலேக்களின் அடிப்பகுதியில் ஒவ்வொரு காலுக்கும் எண் போட்டிருக்கும். இது ஜெர்மானிய டின் தரத்திலிருந்து வந்த முறை.

30 – பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம்.
87 – பாயிண்டு சேர்ந்ததும் மின்சாரம் வெளியேறும் கால்.
85, 86 – காயிலின் இரு முனைகள்.
87ஏ – ஐந்து கால் ரிலேக்களில் மட்டும் இருக்கும். ரிலே ஓய்வில் இருக்கும்போது 30உடன் சேர்ந்திருக்கும் கால் இது.

சில ஜப்பானிய வகை ரிலேக்களில் 1, 2, 3, 5 என்று வேறு எண்கள் இருக்கும். அப்போது ரிலேயின் பக்கவாட்டில் அச்சிட்ட படத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் காதால் கேளுங்கள்

கணக்கில் பணம் குறைந்தால் நாம் உடனே யாரையும் பிடிப்பதில்லை. எந்தப் பக்கத்தில், எந்த வரியில் வேறுபாடு தொடங்குகிறது என்று பார்க்கிறோம். வண்டியிலும் அப்படியே. வண்டி கிளம்பவில்லை என்பது ஒரே நோய் அன்று. மூன்று வேறு நோய்கள்.

1. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கும் எரியவில்லை, ஒலியும் இல்லை. இது பெரும்பாலும் பேட்டரி, அதன் முனை இணைப்பு அல்லது மெயின் ப்யூஸ் சம்பந்தப்பட்டது.

2. விளக்குகள் நன்றாக எரிகின்றன, செல்ப் மட்டும் சுற்றவில்லை. இங்கே செல்ப் ரிலே, சாலினாய்டு, செல்ப் மோட்டார், சாவி ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான் செல்ப் சுற்றும். அந்த ஸ்விட்சும் பழுதாகலாம்.

3. செல்ப் பலமாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்து, சற்று நேரம் கழித்துத் தானாகச் சரியாகிறது. இக்னிஷன் ரிலே அல்லது பம்ப் ரிலேயின் மீது சந்தேகம் கொள்ள வேண்டிய இடம் இது.

எங்கள் வண்டிக்கு வந்தது மூன்றாவது நோய். செல்ப் முதலில் பலமாகச் சுற்றியது என்ற ஒரு செய்தியே பேட்டரி குற்றவாளி அன்று என்று சொல்லியிருக்கும். பேட்டரி இறங்கியது நோயின் விளைவு. நாங்கள் அதையே காரணமாக எடுத்துக்கொண்டோம்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும், பின்பக்கம் டேங்கிலிருந்து இரண்டு நொடி 'ம்ம்' என்ற பம்ப் ஒலி பொதுவாகக் கேட்கும். நல்ல நாளிலேயே அந்த ஒலியைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பழுதான நாளில் அது இல்லாதது உடனே தெரியும். டீசல் வண்டியில் தீப்பொறிக்கு வேலையில்லை. எனினும் எரிபொருளைத் திறந்துவிடும் வால்வுக்கும், புதிய காமன் ரெயில் வண்டிகளின் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டும். அங்கும் ரிலே உண்டு.

படிப்படியான சோதனை

தொடங்குமுன் கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். கைக்கடிகாரம், மோதிரத்தைக் கழற்றுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் சோதனையே வேண்டாம், மெக்கானிக் வரட்டும். ஏர்பேக் உள்ள வண்டிகளில் மஞ்சள் உறை போட்ட ஒயர்களைத் தொடவே கூடாது.

முதல் படி, கிடங்கில் சரக்கு உண்டா? மல்டிமீட்டரால் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2க்குக் கீழே போனால் பாதியளவு இறங்கிவிட்டது என்று கொண்டு முதலில் சார்ஜ் செய்யுங்கள். செல்ப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கலாம். முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சுத்தம் செய்து முறுக்குங்கள்.

இரண்டாம் படி, ப்யூஸ். ப்யூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ எது எங்கே இருக்கிறது என்ற படம் இருக்கும். இக்னிஷன், பம்ப், இன்ஜின் கம்ப்யூட்டர் ப்யூஸ்களைப் பாருங்கள். போயிருந்தால் அதே அளவு ப்யூஸ் போடுங்கள். மறுபடியும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ப்யூஸ் போடுவது தீக்கு வழி.

மூன்றாம் படி, சீட்டு வந்து சேர்கிறதா? ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு, உடன் இருப்பவரைச் சாவியை 'ஆன்' செய்யச் சொல்லுங்கள். 'டிக்' என்ற துடிப்பு விரலில் தெரிய வேண்டும். தெரிந்தால் காயில் வேலை செய்கிறது. தெரியாவிட்டால் ரிலேயோ அதற்கு வரும் மின்சாரமோ பழுது. ஆனால் 'டிக்' கேட்டதால் மட்டும் ரிலே நல்லது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கணக்கர் எழுந்து வந்தார் என்பது வேறு, கதவைத் திறந்தார் என்பது வேறு.

நான்காம் படி, மாற்றிப் பார்த்தல். எல்லோராலும் செய்யக்கூடிய எளிய சோதனை இதுதான். பல வண்டிகளில் ஹாரன் அல்லது விளக்குக்கு அதே வகை ரிலே இருக்கும். சாவியை அணைத்துவிட்டு, இரண்டையும் நேராக உருவி இடம் மாற்றுங்கள். பாக எண், கால்களின் அமைப்பு, வோல்ட், ஆம்பியர் எல்லாம் ஒன்றாக இருந்தால் மட்டுமே மாற்ற வேண்டும். வண்டி கிளம்பி ஹாரன் ஊமையானால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. வண்டி கிளம்பாமல் ஹாரன் ஒழுங்காக அடித்தால் ரிலே பெரும்பாலும் நிரபராதி. ஒயரிங் பக்கம் போகலாம்.

ஐந்தாம் படி, சாக்கெட்டில் சோதனை. ரிலேயை உருவிய இடத்தில் 30 என்ற துளையில் மீட்டரின் சிவப்பு முனையையும், வண்டியின் எர்த்தில் கறுப்பு முனையையும் வைத்தால் பேட்டரி வோல்ட்டேஜ் வர வேண்டும். சில வண்டிகளில் சாவி போட்ட பிறகே வரும். அடுத்து 85, 86 துளைகளுக்கு இடையே மீட்டரை வைத்துச் சாவியை 'ஆன்' செய்தால் சுமார் 12 வோல்ட் காட்ட வேண்டும். பம்ப் ரிலேயில் இது இரண்டொரு நொடி மட்டும் வந்து போகலாம். 30இல் வரவில்லை என்றால் கிடங்கு வழி அடைப்பு. 85, 86இல் வரவில்லை என்றால் சீட்டு வந்து சேரவில்லை. சாவி ஸ்விட்ச், எர்த் ஒயர், திருட்டுத் தடுப்பு அலாரம், கம்ப்யூட்டர் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டும் சரி என்றால் ரிலேயோ 87க்கு அப்பால் உள்ள வழியோதான் பாக்கி. துளைக்குள் தடித்த கம்பியைச் செருகி அகலப்படுத்திவிடாதீர்கள். பிறகு புதிய ரிலேயும் ஆடும்.

ஆறாம் படி, வெளியே எடுத்த ரிலேயின் சோதனை. 85, 86க்கு இடையே மின்தடை பாருங்கள். 50 முதல் 120 ஓம் வரை வந்தால் காயில் நலம். எல்லையில்லா மின்தடை என்று காட்டினால் காயில் அறுந்துவிட்டது. பிறகு 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று சேர்ந்து, 30க்கும் 87க்கும் இடையே மின்தடை ஏறக்குறைய பூஜ்யமாக வேண்டும். மின்சாரத்தை எடுத்தால் மீண்டும் பிரிய வேண்டும். பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பாயிண்டு பற்றிக்கொண்டது. சாவியை எடுத்தாலும் மின்சாரம் ஓடி பேட்டரி இறங்கும். சில ரிலேக்களுக்குள் டயோடு இருக்கும். பக்கவாட்டுப் படத்தில் அம்புக்குறி போலத் தெரியும். அவற்றில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றிக் கொடுத்தால் டயோடு கருகும்.

மீட்டருக்கும் அகப்படாத பழுது

பாயிண்டில் கரி படிந்த ரிலே மீட்டரில் நல்லது போலவே தோன்றலாம். மீட்டர் விடும் மின்சாரம் மிகக் குறைவு. அதற்கு வழி கிடைத்துவிடும். பம்ப்பும் காயிலும் கேட்கும் 10 ஆம்பியருக்கு வழி கிடைக்காது. பாயிண்டில் 0.2 ஓம் தடை இருந்தாலே 10 ஆம்பியரில் 2 வோல்ட் வீணாகும். 20 வாட் வெப்பம் அந்தச் சிறு பெட்டிக்குள் எழும். ஆகவே சுமையோடு சோதிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ரிலேயின் 30க்கும் 87க்கும் இடையே வோல்ட்டேஜ் பார்த்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. இதைப் பயிற்சியுள்ள எலக்ட்ரீஷியனிடம் செய்யச் சொல்லலாம். பெட்டி உருகியிருந்தாலும், கால் நீலம் பாய்ந்திருந்தாலும், சாக்கெட் பழுப்பேறியிருந்தாலும் அதுவே சாட்சி.

இன்னொன்று வெப்பத்தில் மட்டும் வரும் பழுது. எங்கள் வண்டிக்கு வந்தது இதுவே. ஈயப் பற்றில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால், சூட்டில் உலோகம் விரிந்து இணைப்பு விலகும். ஆறினால் மறுபடி சேரும். 1980, 1990களில் வந்த சில ஜப்பானியக் கார்களில் இந்த நோய் உலகெங்கும் பெயர் பெற்றது. காலையில் நல்லதாகவும் வெயிலில் நின்ற பிறகு கெட்டதாகவும் இருக்கும் வண்டியை, மெக்கானிக்கிடம் காலையில் கொண்டுபோய்க் காட்டினால் பழுது தெரியாது. எந்த நேரம், எத்தனை கிலோமீட்டர் ஓடிய பின், எவ்வளவு நேரம் நின்ற பின் என்று ஒரு நோட்டில் குறித்துக் கொடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஏன் பழுதாகிறது?

இன்ஜினைக் கழுவும்போது பெட்டிக்குள் புகும் நீர், மேடு பள்ளச் சாலையின் குலுக்கல், தளர்ந்த கால்கள் ஆகியன காரணங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் ரிலே முழுதாக இழுக்க முடியாமல் 'டிக் டிக் டிக்' என்று துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் பாயிண்டு கருகும். கூடுதல் விளக்கு, பாட்டுப் பெட்டி ஆகியவற்றை இக்னிஷன் ஒயரிலேயே ஒட்டுப்போடுவது நாமே வரவழைக்கும் வினை. அவற்றுக்குத் தனி ப்யூஸ், தனி ரிலே வைக்க வேண்டும். புதிய ரிலே சில வாரங்களில் மறுபடி கருகினால், அதைக் கேட்டு வாங்கும் பம்ப்போ வேறு பொருளோ அளவுக்கு மிஞ்சி மின்சாரம் இழுக்கிறது என்று பொருள்.

செய்யக் கூடாதவை

ரிலேயை எடுத்துவிட்டு 30ஐயும் 87ஐயும் ஒயரால் நிரந்தரமாக இணைத்து ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. சாவியை அணைத்தாலும் மின்சாரம் நிற்காது. விபத்து நேர்ந்தால் பெட்ரோல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்து தீப்பற்றக்கூடும். எண்ணெய் டின்னும் அட்டைப் பெட்டியும் ஏற்றிய வண்டியில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அறிந்தவர் சோதனைக்காக, ப்யூஸ் வைத்த ஒயரால் சில நொடி இணைத்துப் பார்ப்பது வேறு.

உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியை நாமே பிரிக்காமல் உரிய சர்வீஸ் நிலையத்தில் விடுவதே நல்லது. புதிய வண்டிகள் சிலவற்றில் ரிலே பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை உருவ முடியாது.

வாங்கும்போது

போலிச் சரக்கின் கேடு நமக்குத் தெரியாததன்று. அதே பாக எண்ணுள்ள ரிலேயை, ரசீதோடு, நம்பிக்கையான உதிரிபாகக் கடையில் வாங்குங்கள். வண்டியில் ஓர் உபரி ரிலே, நான்கைந்து ப்யூஸ், ஒரு சிறிய மல்டிமீட்டர் வைத்திருந்தால் போதும். இவற்றின் விலை ஒரு நாள் கொள்முதல் தவறும் நட்டத்துக்கு ஈடாகாது. ரிலே இருக்கும் இடத்தையும் மாற்றும் முறையையும் ஓட்டுநருக்கு ஒருநாள் நிதானமாகக் காட்டிக் கொடுங்கள்.

நினைவில் கொள்ள

கிடங்கில் சரக்கு உண்டா? சீட்டு வந்து சேர்ந்ததா? கணக்கர் கதவைத் திறந்தாரா? இந்த மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் கேட்டால் தேவையில்லாத பொருளுக்குப் பணம் கொடுக்க மாட்டோம். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தினமும் வண்டியோடு இருப்பவரிடம், "என்னப்பா நடந்தது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருப்பது. எங்கள் பழுதுக்கான விடை முதல் நாளே அவரிடம் இருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.